ஊமத்தையைத் தொட்ட கை

"அப்பா, உங்களுக்கு ஒரு கண் மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது?" என்று மகள் கேட்டபோது, மூக்குக்கண்ணாடியை நான்காவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்திலிருந்தே, படிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி கசிந்து தெரிந்தது. கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். விளக்கு வெளிச்சம் கூசியதற்குத் தூக்கமின்மையைக் காரணம் சொல்லி வைத்திருந்தேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டினால் எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். இடது கண் எப்போதும்போல இருந்தது. வலது கண்ணில் பழுப்பு நிறத்தையே தேட வேண்டியிருந்தது. நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம், அதாவது கண்மணி, பரவிப் பரவிப் பழுப்பை ஓரத்தில் ஒரு மெல்லிய வளையமாக ஒதுக்கியிருந்தது. மனைவி செல்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். இடது கண்மணி சட்டென்று சுருங்கியது. வலது அசையவே இல்லை. "இன்னொரு தடவை அடித்துப் பார்" என்றேன். "பார்த்தது போதும், சட்டையை மாட்டுங்கள்" என்றாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. திடீரென்று ஒரு கண்மணி மட்டும் விரிந்து நின்றால், மூளையில் ரத்தக்கசிவோ ரத்தக்குழாய் வீக்கமோ கண்ணை இயக்கும் நரம்பை அழுத்துகிறது என்று பொருள் இருக்கலாம். அது தெரிந்தவர்கள் யாரும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க மாட்டார்கள். இந்தக் கதையின் முடிவு தெரிந்த பிறகும் சொல்கிறேன்: அன்று இரவே போனதுதான் சரி.

அவசர சிகிச்சைப் பிரிவில் கையைத் தூக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன், அவ்வளவு சிரமப்பட்டுச் சிரித்ததில்லை. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தலையில் அடிபட்டதா, கண்ணில் ஏதாவது சொட்டு மருந்து விட்டீர்களா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. தலைவலி இல்லை, இமை தொங்கவில்லை, கண் நாலாபுறமும் ஒழுங்காகச் சுழல்கிறது. கண்மணி மட்டும் இரவுச் சந்திரன் மாதிரி முழுசாக நிற்கிறது.

நள்ளிரவுக்குச் சற்று முன் கண் மருத்துவர் வந்தார். என் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சையும் மண்ணும் ஒட்டியிருந்தன.

"இன்று பகலில் என்ன வேலை செய்தீர்கள்?"

"வீட்டுக்குப் பின்னால் களை பிடுங்கினேன்."

"என்ன களை?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பிடுங்கும்போதே தெரியும். ஆனால் அந்த நிமிடம் வரை அதற்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. "கோரை, நாயுருவி... அப்புறம் ஊமத்தை" என்றேன். அவர் முகத்தில் கவலை கரைந்தது கண்கூடாகத் தெரிந்தது. "பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினீர்களா?" என்று கேட்டார். வியர்வை கண்ணில் இறங்கினால் யார்தான் கசக்க மாட்டார்கள்?

ஊமத்தை விஷம் என்பது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். "வாயில் வைத்துவிடாதே, பைத்தியம் பிடிக்கும்" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். பெயரே அதைத்தான் சொல்கிறது. உன்மத்தம் என்ற சொல்லிலிருந்து திரிந்து வந்ததுதான் ஊமத்தை. ஆனால் நான் படித்த பாடம் வாயோடு நின்றுவிட்டது. கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விஷம் என்றால் தின்றால்தான் என்ற நினைப்பில், முழங்கை அளவு தண்டுகளை வெறுங்கையால் முறித்து, சாறு வழிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். கையுறை எட்டடி தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உறுதி செய்துகொள்ள அவர் ஒரு சோதனை செய்தார். ஒரு சதவீதப் பைலோகார்பின் சொட்டு மருந்தை இரண்டு கண்களிலும் விட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கண்மணியைச் சுருக்கும் மருந்து அது. அரைமணி நேரத்தில் இடது கண்மணி கடுகளவுக்குப் போய்விட்டது. வலது அப்படியே நின்றது. நரம்பு பழுதாகி விரிந்த கண்மணியாக இருந்தால் இந்த மருந்துக்குச் சுருங்கியிருக்கும், ஏனென்றால் தசை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டளை வராததுதான் குறை. என் கண்ணில் தசைக்கு அருகிலேயே வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்புகிறது. தசையில் அது வந்து அமர ஓர் இடம் உண்டு. ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமைனும் அந்த இடத்தில் முன்னதாகவே துண்டு போட்டுப் பிடித்துவிடுகின்றன. பிறகு யார் வந்தாலும் நின்றுகொண்டுதான் பயணம். எழுத்து கசிந்து தெரிந்ததற்கும் இதுதான் காரணம்: கிட்டத்தில் பார்ப்பதற்கு வில்லையைக் குவிக்கும் தசையும் சேர்ந்து செயலிழந்திருந்தது. கண்ணாடியின் மேல் போட்ட பழியை மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்த அனுபவத்தில் எனக்குக் கூட்டாளி ஒருவர் இருக்கிறார் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஃபிரிட்லீப் ருங்கே என்ற ஜெர்மானியர் மாணவராக இருந்தபோது, இதே குடும்பத்தைச் சேர்ந்த பெல்லடோனா செடியின் சாறு ஒரு துளி கண்ணில் தெறித்து, கண்மணி விரிந்துபோயிற்று. அவர் கண்ணாடி மாற்றுவதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தச் சாற்றை ஆராயத் தொடங்கிவிட்டார். 1819இல் ஒரு பூனையின் கண்ணில் அந்த வித்தையைச் செய்து கவிஞர் கெதேவுக்குக் காட்டினார். மகிழ்ந்துபோன கெதே ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார். அப்படித்தான் ருங்கே கஃபீனைப் பிரித்தெடுத்தார். பெல்லடோனா என்றால் இத்தாலிய மொழியில் அழகிய பெண். கண்மணி விரிந்தால் அழகு என்று அங்கே பெண்கள் அந்தச் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த அழகோடு ஆறு நாள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதிரில் வரும் ஆளின் முகம் தெரியாத அழகு அது.

இனி மறுநாள் நடந்தது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், நகம் வெட்டினேன், குளித்தேன். காலையில் கூச்சத்தால் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் கிடந்த கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டேன். முந்தின நாள் களை பிடுங்கும்போது கழுத்தையும் கையையும் துடைத்த அதே கைக்குட்டை. மதியத்துக்குள் இடது கண்ணும் பாதி விரிந்துவிட்டது. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "செடியைத் தொட்ட எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போடுங்கள்" என்றார். போட்டால் நீண்டுகொண்டே போனது: சட்டை, கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிச் சட்டம், செல்பேசி, களைக்கொத்தின் பிடி, குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள். ஒவ்வொன்றையும் மனைவி கையுறை போட்டுக்கொண்டு கழுவினாள். நான் குளிர்கண்ணாடி அணிந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாள் என்றேன். முதல் இரண்டு நாள் செய்தித்தாள் படிக்கவே முடியவில்லை. மாடிப்படியில் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஓட்டவும் முடிந்திருக்காது. மூன்றாம் நாள் இடது கண் பழையபடி ஆனது. நான்காம் நாள் வலது கண்ணில் பெரிய எழுத்துகள் பிடிபட்டன. சிகிச்சை என்று ஒன்றும் கிடையாது, விஷம் தானாக இறங்க வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள்: கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தி வந்தால் உடனே ஓடி வர வேண்டும். கண்ணுக்குள் நீர் வடியும் வழி இயல்பாகவே குறுகலாக உள்ள சிலருக்கு, கண்மணி விரியும்போது அந்த வழி அடைபட்டுக் கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடும்.

பார்வை தெளிந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போனேன். பிடுங்காமல் விட்டுப்போன செடி ஒன்று சுவரோரம் நின்றது. இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காத செடியை அன்றுதான் பார்த்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இடுப்பளவு உயரம். தண்டு கவை கவையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கவையிலும் ஒரு பூவோ காயோ. இலையின் அடி ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும் இருக்கிறது. மொட்டு, பிழிந்த துணியைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தி இறங்க இறங்க முறுக்கு தளர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்ட வெள்ளைப் புனலாக விரிந்தது. ஓரத்தில் கூர் கூராகச் சின்ன நுனிகள். கசக்கினால் குமட்டும் அதே செடியின் பூவுக்கு இனிய மணம். இருட்டியதும் பருத்த உடம்புள்ள அந்துப்பூச்சி ஒன்று வந்து, அமராமல் காற்றிலேயே நின்று, நீண்ட உறிஞ்சியைப் புனலுக்குள் இறக்கியது. எனக்கு இந்தக் கதி செய்த செடியின் மேல் கோபப்பட முடியாமல் போன இடம் அதுதான்.

காய் உருண்டை, மேலெல்லாம் மழுங்கிய முள், காம்பு வளைந்து தலை கவிழ்ந்திருந்தது. கரும் ஊதாவாகப் பூக்கும் கருஊமத்தையும் இதே இனம்தான். டாட்டூரா ஸ்ட்ரமோனியம் என்கிற இன்னொரு வகையில் காய் நிமிர்ந்து நிற்கும், முள் கூராக இருக்கும், முற்றினால் நான்காக வெடிக்கும். எந்த வகையானாலும் வேர் முதல் பூ வரை விஷம்தான். விதையை ஒரு தாளில் கொட்டிப் பார்த்தபோது அடுத்த பயம் வந்தது: தட்டையாக, சிறுநீரக வடிவில், அசப்பில் மிளகாய் விதை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் வந்த சாயல். இந்தியத் தடயவியல் மருத்துவப் பாடநூல்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடு சொல்லிக்கொடுக்கின்றன. மிளகாய் விதை மஞ்சளாக வழவழப்பாக இருக்கும். ஊமத்தை விதை பழுப்பேறி, மேலே நுண்ணிய குழிகளோடு இருக்கும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். ஆகவே சாப்பிடும் செடிகளுக்கு நடுவே இது முளைத்தால், நாற்றுப் பருவத்தில் தெரியாமல் போய்விடலாம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கீரையோடு இதன் வகையொன்று கலந்துபோய், சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அறுவடை செய்தவர்களும் கண் உள்ளவர்கள்தானே.

தின்றவர்கள் கதை வேறு. 1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஒரு கலகத்தை அடக்கப் போன ஆங்கிலச் சிப்பாய்கள் இந்த இலையைக் கீரையென்று வேகவைத்துத் தின்றார்கள். பதினொரு நாள் புத்தி தடுமாறிக் கிடந்தார்கள். ஒருவன் காற்றில் இறகை ஊதிக்கொண்டிருந்தான். இன்னொருவன் அந்த இறகின் மேல் கோபத்தோடு வைக்கோலை எறிந்துகொண்டிருந்தான். தெளிந்தபின் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. படிக்க வேடிக்கையாக இருக்கிறது. உண்மையில் நடப்பது இதுதான்: வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தோல் சிவந்து அனலாகக் கொதிக்கும், ஆனால் வியர்க்காது, இதயம் தறிகெட்டு ஓடும், சிறுநீர் முட்டிக்கொண்டு பிரியாது, விரல்கள் இல்லாத நூலைக் காற்றில் இழுத்துக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கு மிகக் கொஞ்சமே போதும். குடலின் ஓட்டத்தையும் இந்த விஷம் மந்தமாக்குவதால் உள்ளே போனது மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறான் என்று நிம்மதி அடைய முடியாது. வாந்தி எடுக்கவைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று வீட்டில் வைத்தியம் பார்க்காமல், செடியில் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. என் ஊமத்தைக் கிளை அன்றிரவு கையில் இருந்திருந்தால் பாதிக் கேள்விகள் மிச்சமாகியிருக்கும்.

என் கதையைக் கேட்ட உறவினர் ஒருவர், "அது மூலிகைதானே, மூச்சிரைப்புக்கு அந்த இலையைப் புகைப்பார்களே" என்றார். புகைத்தார்கள், உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே ஆஸ்துமாவுக்கு ஊமத்தைச் சுருட்டு விற்றிருக்கிறார்கள். அட்ரோபின் இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது. சில வகைப் பூச்சிமருந்து குடித்தவர்களின் உயிரைக் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் ஊசிக்குழலில் இருப்பது மில்லிகிராம் கணக்கில் அளந்த அட்ரோபின். செடியில் இருப்பதை யார் அளந்தார்கள்? ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும், இலைக்கும் விதைக்கும், இளசுக்கும் முற்றலுக்கும் அளவு மாறுகிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ மிகச் சிறியது. போதைக்காக இதைத் தொடும் இளைஞர்களைப் பற்றியும் அவ்வப்போது படிக்கிறேன். அவர்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. சிறுநீர் பிரியாமல் ஒரு நாள் கிடப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்க்கட்டும்.

இப்போது எப்படிப் பிடுங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். துணிக் கையுறை வேண்டாம், சாறு ஊறும், ரப்பர் கையுறைதான். முழுக்கைச் சட்டை. முறிக்காமல், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில் வேரோடு இழுக்கிறேன். சாறு வெளியே வராமல் வந்துவிடுகிறது. காய் வெடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். 1902இல் டூவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல செடிகளின் விதைகளை மண்ணில் புதைத்து வைத்தார். 39 ஆண்டு கழித்துத் தோண்டியபோது ஊமத்தை வகை விதைகளில் பெரும்பாலானவை முளைத்தன. ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள். ஒன்று வெடித்தால் நம் பேரன் காலம் வரைக்கும் களை எடுக்கலாம். பிடுங்கியதைக் கட்டிப் பையில் போட்டு அப்புறப்படுத்துகிறேன். உரக்குழியில் போடுவதில்லை. எரிப்பதும் இல்லை, புகைத்தால் ஏறும் என்பதற்குத்தான் அந்தச் சுருட்டே சாட்சி. ஆடுமாடுகள் பச்சைச் செடியைப் பெரும்பாலும் நாற்றத்துக்கே ஒதுக்கிவிடும், ஆனால் வெட்டிய தீவனத்தில் கலந்துபோனால் பிரித்துத் தின்ன அவற்றால் முடியாது. சாறு கண்ணில் பட்டுவிட்டால் அப்போதே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம்; காண்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் கையைக் கழுவிய பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

போன மழைக்குப் பிறகு சுவரோரம் கூட்டமாக முளைத்திருந்தன. ஒடுக்கமான இரண்டிரண்டு விதையிலைகள், பார்த்தால் மிளகாய் நாற்று என்றுதான் சொல்லத் தோன்றும். முன்பு கவனிக்காமல் விட்ட ஒரு காய் அங்கேயே வெடித்திருக்க வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தேன். பின்னாலிருந்து மகள், "ஒரு நிமிடம் அப்பா" என்றாள். திரும்பினால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"கைக்குட்டையை இப்படிக் கொடுங்கள்."